எழுதினால் பாரம் குறையுமா, கூடுமா?

கேள்வி, சுருக்கமாக: எனக்கு வயது 38. திருமங்கலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மதுரைக்கு வேலைக்கு வருகிறேன். மாமியார் பக்கவாதத்தில் படுத்து ஒன்றரை வருடம் ஆகிறது. மகன் பிளஸ் டூ படிக்கிறான். எனக்குத் தூக்கமே வருவதில்லை, அடிக்கடி தலைவலி. டாக்டர் பரிசோதித்துவிட்டு, "மன அழுத்தம்தான், தினமும் டைரி எழுதிப் பாருங்கள்" என்றார். மூன்று நாள் எழுதினேன். முடித்ததும் இன்னும் பாரமாகத்தான் இருந்தது, அழுதுவிட்டேன். வீட்டில் யாராவது எடுத்துப் படித்துவிடுவார்களோ என்ற பயம் வேறு. எழுதுவதால் உண்மையிலேயே பலன் உண்டா?

பதில்:

உண்டு. எழுதி முடித்ததும் அழுகை வந்தது நீங்கள் எதையோ தப்பாகச் செய்ததால் இல்லை. இந்த முறையை முதலில் சோதித்துப் பார்த்தபோது எழுதியவர்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் "டைரி எழுதுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லி அனுப்பினால் போதாது. எதை எழுதுவது, எவ்வளவு நேரம், எங்கே நிறுத்துவது, எழுதிய தாளை என்ன செய்வது என்று சொல்லித் தர வேண்டும். மதுரையில் 19 வருடமாக மனநல ஆலோசகராக இருக்கிறேன். உங்களைப் போலவே மூன்றாம் நாளோடு நோட்டை மூடி வைத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியல் பேராசிரியரும் சாண்ட்ரா பீல் என்பவரும் சேர்ந்து 46 கல்லூரி மாணவர்களை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். 1986ல் அது வெளிவந்தது. தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம் எழுத வேண்டும். மாணவர்களை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு ஏதாவது ஒரு சாதாரண விஷயத்தை எழுதியது. இரண்டாவது குழு தங்கள் வாழ்க்கையை உலுக்கிய ஒரு சம்பவத்தில் என்ன நடந்தது என்பதை மட்டும் எழுதியது. மூன்றாவது குழு அந்தச் சம்பவம் பற்றிய உணர்ச்சியை மட்டும் கொட்டியது. நான்காவது குழு நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியது. சேர்த்து எழுதியவர்களுக்கு எழுதி முடித்த கையோடு ரத்த அழுத்தம் கூடியிருந்தது, மனசும் கனத்திருந்தது. ஆனால் அடுத்த 6 மாதத்தில் கல்லூரி மருத்துவ மையத்துக்கு ஓடியது அவர்கள்தான் குறைவு.

என்னிடம் வருபவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது அந்த நான்காவது குழுவைப் பற்றித்தான். பிற்பாடு, 1997ல், இதே பென்னிபேக்கரும் வேறு சிலரும் பலர் எழுதிய பக்கங்களை எடுத்து என்னென்ன சொற்கள் வருகின்றன என்று எண்ணிப் பார்த்தார்கள். "ஏனென்றால்", "அதனால்", "இப்போதுதான் புரிகிறது" என்ற வகைச் சொற்கள் முதல் நாளைவிடக் கடைசி நாளில் கூடியிருந்தால், அப்படி எழுதியவர்களின் உடல்நிலை தேறியிருந்தது.

எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா மல்லிகை கட்டுவார். வாங்கி வந்த உதிரிப்பூ முறத்தில் குவிந்து கிடக்கும். கையில் அள்ளினால் விரல் இடுக்கு வழியாகச் சிதறும். அம்மா ஈரமான வாழைநாரைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொள்வார். இரண்டு மொட்டு இந்தப் பக்கம், இரண்டு மொட்டு அந்தப் பக்கம், காம்போடு காம்பு நடுவில் சேர வைத்து ஒரு சுருக்குப் போட்டு இழுப்பார். அரைமணி நேரத்தில் முறத்தில் கிடந்ததெல்லாம் முழம் போட்டு அளக்கிற சரமாகிவிடும். பூ அதே பூதான், எடையும் அதேதான். எழுதுவதிலும் நடந்தது ஒரு காம்பு, அப்போது மனசில் வந்தது இன்னொரு காம்பு. "ஏன்னா" என்கிற சொல்தான் நார். நீங்கள் எழுதிய மூன்று நாளும் முறத்தில் பூவைக் கொட்டியதோடு நின்றிருக்கும் என்று நினைக்கிறேன். அதனால்தான் அள்ள முடியவில்லை.

எனக்கும் அப்படித்தான் ஆனது. 2011ல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது கை கால் விழுந்துவிட்டது. செல்லூரில் இரண்டு அறை வீடு. தம்பி சென்னையில். பகலில் ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்லிவிட்டு, ராத்திரி அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து எழுதுவேன். முதல் நான்கு நாளும் ஏறக்குறைய ஒரே பக்கம்தான்: "யாருக்கும் அக்கறை இல்ல. எல்லாம் என் தலையில விழுது. என் தலையெழுத்து." அதில் நேரம் இல்லை, ஆள் இல்லை, ஒரு சம்பவம் கூட இல்லை. அந்தப் பக்கத்தை எந்த வீட்டில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். ஐந்தாம் நாள் வேறு மாதிரி எழுதினேன்:

"சாயந்திரம் ஆறே கால். அப்பாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கிட்டு இருந்தேன். பாதி உள்ள போகுது, பாதி கடைவாய்ல வழியுது. தம்பி போன் பண்ணினான். ஸ்பீக்கர்ல போட்டேன். 'அக்கா, அப்பாவை நல்லாப் பாத்துக்க'ன்னான். கரண்டியத் தூக்கி எறியணும் போல இருந்துச்சு. ஏன்னா நீ எப்படி இருக்கன்னு அவன் கேக்கல. ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போதும். ஆனா நானும் சொன்னதே இல்ல. ஒவ்வொரு தடவையும் நல்லா இருக்கேன்னுதான் சொல்றேன்."

"நானும் சொன்னதே இல்ல" என்று எழுதிய இடத்தில் பேனா நின்றுவிட்டது. அதுவரை எனக்கே அது தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பியிடம் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை சனிக்கிழமை ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறி வர ஆரம்பித்தான். அந்த ஞாயிறுகளில் கஞ்சிக் கிண்ணம் அவன் கையில் இருக்கும். நான் பகல் முழுக்கத் தூங்குவேன். அப்பா எழுந்து நடக்கவில்லை, வீட்டு வேலையும் குறையவில்லை. ஆனால் தம்பி மேல் இருந்த கோபம் போனதில் எனக்கு மூச்சு விட முடிந்தது.

ஆகவே ஒரு நாளில் ஒரே ஒரு சம்பவத்தை எடுங்கள். மணி எத்தனை, யார் இருந்தார்கள், என்ன சொன்னார்கள், உங்கள் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதுங்கள். பிறகு மனசில் என்ன வந்தது, ஏன் வந்தது. 15 நிமிடம் போதும், 20ஐத் தாண்ட வேண்டாம். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். முடித்த உடனே மாமியாரிடமோ சமையலுக்கோ போகாமல் ஐந்து நிமிடம் வாசலில் நில்லுங்கள், முகம் கழுவுங்கள். அந்தக் கனம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. பேனாவைப் பிடித்ததும் நாம் பள்ளிக்கூடக் கட்டுரை எழுத ஆரம்பித்துவிடுகிறோம். "இன்று எனது மனம் மிகுந்த வேதனைக்குள்ளாகியது" என்று எழுதினால் அதில் உங்கள் குரல் எங்கே இருக்கிறது? அடுப்படியில் நின்று அக்காவிடம் எப்படிச் சொல்வீர்களோ அப்படியே எழுதுங்கள். நம் பக்கத்தில் மனசுக்கு எத்தனை சொல் இருக்கிறது! வெசனம் வேறு, ஏக்கம் வேறு. கோபம் வேறு, ஆத்தாமை வேறு, வயித்தெரிச்சல் வேறு. உடம்பும் மனசும் சேர்ந்து ஓய்ந்து கிடப்பதற்குச் சடவு என்று தனியாக ஒரு சொல். "டென்ஷன்" என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவையும் போட்டு மூடிவிட்டால், எது குடைகிறது என்று நமக்கே தெரியாமல் போகிறது. சரியான பெயர் வைப்பதற்குப் பலன் இருக்கிறது. கோபமும் பயமும் தெரிகிற முகப் படங்களைக் காட்டி, அது என்ன உணர்ச்சி என்று சொல்லால் குறிக்கச் சொன்னபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கிற அமிக்டாலா என்ற பகுதி அடங்கியதை மேத்யூ லீபர்மேன் குழுவினர் 2007ல் மூளைப் படத்தில் காட்டினார்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலையே வேண்டாம். திருத்த யாரும் வரப் போவதில்லை.

டைரி என்ற சொல்லே சிலரைப் பயமுறுத்துகிறது. நாள் தவறாமல் எழுத வேண்டும், ஒரு நாள் விட்டால் எல்லாம் போச்சு என்று நினைக்கிறார்கள். புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, சரக்கு இறங்கியது, யார் யாரைப் பார்த்தார்கள் என்று கால் நூற்றாண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. அது மகத்தான வேலை, ஆனால் உங்களுக்கு வேண்டியது அது இல்லை. மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் எழுதுங்கள், நிறுத்துங்கள். மறுபடி நெஞ்சு அடைக்கிற வாரம் வந்தால் எடுங்கள். மனசு நன்றாக இருக்கிற நாளில் நோட்டைத் தேடிப் போய் நோவைக் கிளற வேண்டியதில்லை.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். எனக்கு 15 வயதில் என் நோட்டை ஓர் உறவினர் எடுத்து, ஒரு விசேஷத்துக்குக் கூடியிருந்த கூட்டத்தின் நடுவில் சத்தமாகப் படித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்கப்புறம் பல வருடம் நான் ஒரு வரி எழுதவில்லை. யாரோ படித்துவிடுவார்கள் என்ற நினைப்போடு எழுதினால் கை தானாகவே பாதியை மறைத்துவிடும். மறைத்து எழுதினால் ஒன்றும் நடக்காது. அதனால் எழுதியதைக் கிழித்துப் போடுங்கள், தயங்கவே வேண்டாம். எழுதும் அந்த 15 நிமிடத்திலேயே வேலை நடந்துவிடுகிறது. தாள் பீரோவில் இருந்தாலும் அடுப்பில் போனாலும் அந்தப் பலன் போகாது.

வாடிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா கண்டுபிடித்த வழி எனக்கு ரொம்பப் பிடிக்கும். கூட்டுக் குடும்பம், ஒதுங்க ஓர் இடம் இல்லை, நோட்டை ஒளிக்க வழி இல்லை. அவர் தினசரி நாள்காட்டியில் தாள் கிழிக்கும் வேலையைத் தன்னுடையதாக்கிக்கொண்டார். முன்பக்கம் நல்ல நேரம், ராகு காலம், எமகண்டம். பின்பக்கம் வெறுமை. மளிகைக் கணக்கு எழுதும் பென்சிலால் அதில் எழுதுவார். உள்ளங்கை அளவுத் தாள் என்பதால் ஒரு சம்பவத்துக்கு மேல் இடம் இருக்காது. விடிகாலையில் வெந்நீர் அடுப்புப் பற்றவைக்கும்போது அந்தத் தாள்தான் முதலில் போகும். கிழித்த நாள்காட்டித் தாள் எங்கே என்று எந்த வீட்டிலும் யாரும் கேட்பதில்லை.

செல்போனில் எழுதுவதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன். பிளஸ் டூ பையன் இருக்கும் வீட்டில் போன் உங்கள் கையில் மட்டும் இருக்காது. தனக்குத் தானே வாட்ஸ்அப்பில் அனுப்பி வைப்பதாக நினைத்துக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டுத் தவித்தவரை எனக்குத் தெரியும். உங்களுக்கு பஸ் பயணம் இருக்கிறது. ஆட்டத்தில் எழுத வராது, ஆனால் எதை எழுதுவது என்று அந்த நேரத்தில் முடிவு செய்யலாம். வேலை முடிந்து ஒரு நாள் அரைமணி நேரம் கிடைத்தால், மீனாட்சியம்மன் கோயிலில் பொற்றாமரைக் குளத்துப் படியில் உட்காருங்கள். 2018லிருந்து கோயிலுக்குள் செல்போன் கிடையாது. கொண்டு வந்த போனை வெளியில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். இந்த ஊரில் யாரும் உங்களை அழைக்க முடியாத அரைமணி நேரம் வேறு எங்கே கிடைக்கும்? புலவர்கள் கொண்டுவந்த நூல்களைச் சங்கப்பலகை சோதித்த குளம் என்று கதை சொல்வார்கள். உங்கள் தாளை அங்கே யாரும் சோதிக்க மாட்டார்கள். மழை வெயில் என்றால் புது நத்தம் சாலையில் 2023ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. அங்கே குனிந்து எழுதுகிற ஒரு பெண்ணை எல்லாரும் பரீட்சைக்குப் படிக்கிறார் என்றுதான் நினைப்பார்கள்.

தூக்கத்துக்கு வேறு எழுத்து. படுக்கப் போகும் முன்னால் மேலே சொன்ன கனமான எழுத்து வேண்டவே வேண்டாம், அது உங்களை இன்னும் முழிக்க வைக்கும். நாளைக்குச் செய்ய வேண்டியதை மட்டும் எழுதுங்கள். "அத்தைக்கு மாத்திரை மூணு நாளைக்குத்தான் இருக்கு, வர்ற வழியில வாங்கணும். பையனுக்கு ஸ்பெஷல் கிளாஸ் பீஸ், புதன்கிழமைக்குள்ள. சிலிண்டர் புக் பண்ணணும். மாவு அரைக்கணும்." அமெரிக்காவில் பெய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களைத் தூக்க ஆய்வகத்தில் படுக்க வைத்துப் பார்த்தார்கள். 2018ல் வந்த ஆய்வு. நாளைய வேலைகளை 5 நிமிடம் எழுதிவிட்டுப் படுத்தவர்கள், ஏற்கெனவே முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். பட்டியல் எவ்வளவு விவரமாக இருந்ததோ அவ்வளவு சீக்கிரம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு "ஐயோ, மாத்திரை" என்று தூக்கிவாரிப் போடுவது எதனால் என்று உங்களுக்கே தெரியும். இந்தப் பட்டியலை யார் படித்தாலும் கவலை இல்லை. பிரிட்ஜ் மேலேயே ஒட்டி வையுங்கள், வீட்டில் மற்றவர்கள் கண்ணிலும் படட்டும்.

உங்கள் பையனுக்கும் ஒன்று. பரீட்சை என்றாலே நடுங்கும் பிள்ளையாக இருந்தால், தொடங்குவதற்கு முன் 10 நிமிடம் தன் பயத்தை ஒரு தாளில் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள். பதற்றம் அதிகமுள்ள மாணவர்களுக்கு அதனால் மதிப்பெண் கூடியதாக 2011ல் ஓர் ஆய்வு வந்திருக்கிறது. முதலில் மாதிரித் தேர்வில் செய்து பார்க்கட்டும்.

எழுத்து எல்லாருக்கும் எப்போதும் ஒத்துவரும் என்று நான் சொல்லவில்லை. புதிதாக மணவாழ்க்கை முறிந்தவர்களை வைத்து நடந்த ஓர் ஆய்வு 2013ல் வெளிவந்தது. ஏன் இப்படி, ஏன் இப்படி என்று ஓயாமல் மனசில் அரைத்துக்கொண்டே இருப்பவர்களிடம், ஆழ் உணர்ச்சியை எழுதச் சொன்னது நோவைக் குறைக்கவில்லை. சாதாரணமாக அன்றாட விஷயத்தை எழுதியவர்கள்தான் அவர்களைவிடத் தேறினார்கள். உங்கள் பக்கத்தில் மூன்று நாளாக ஒரே வரி வருகிறதா, வரிக்கு வரி "நான், எனக்கு, என்னை" மட்டும்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் செக்குமாடு போலச் சுற்றுகிறீர்கள். ஒரு நாள் "நான்" என்பதை விட்டுவிட்டு "அவ" என்று எழுதிப் பாருங்கள்: "அவ பஸ்ஸை விட்டு இறங்கினா. கையில காய்கறிப் பை. வீட்டுக்குள்ள போகாம ரெண்டு நிமிஷம் வாசல்லயே நின்னா." கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் உங்கள் மேல் உங்களுக்கே இரக்கம் வரும். அதுவும் உதவவில்லை என்றால் எழுத்தை நிறுத்திவிட்டு ஒரு மனுஷரிடம் பேசுங்கள். ஒரு விஷயத்தை எழுதத் தொடங்கினால் நிலைகுலைந்து போவோம் என்று தோன்றினால் அதை எழுதாதீர்கள் என்று பென்னிபேக்கரே சொல்கிறார். வீட்டில் சாவோ விபத்தோ நடந்த புதிதிலும் வேண்டாம். அப்போது பக்கத்தில் ஆள்தான் வேண்டும்.

எவ்வளவு பலன் என்றும் சொல்லிவிட வேண்டும். 2006ல் ஜோவான் ஃப்ரட்டரோலி என்பவர் 146 ஆய்வுகளைச் சேர்த்து அலசினார். பலன் உண்மை, ஆனால் சராசரியாகச் சிறியது என்பதுதான் முடிவு. ஒரு பேனாவும் 15 நிமிடமும் கேட்கிற விஷயத்துக்கு அது நல்ல பலன் என்று நான் நினைக்கிறேன். ஆனால் படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் போடுவது, துணி மாற்றுவது, ஊட்டுவது, அதோடு வேலைக்கும் போவது என்றால், உங்கள் தலைவலியில் பாதி உடம்பு அலுப்பாகவே இருக்கலாம். அதற்குப் பேனா போதாது, இன்னொரு ஜோடி கை வேண்டும். தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் 2021லிருந்து நடக்கிறது. பக்கவாதத்தில் படுத்தவர்களுக்கு வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சியும் நோய்த்தணிப்பு உதவியும் தருவது அதில் ஒரு பகுதி. உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாமியார் பெயரைப் பதியச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் வீட்டுக்காரரும் நாத்தனாரும் வாரத்தில் எந்த நேரத்தைத் தங்கள் பொறுப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்பதையும் பேசி முடிவு செய்யுங்கள்.

தூக்கமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, சாப்பாடு இறங்காமல் போனாலோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தடவை தலைகாட்டினாலும் எழுத்தை நம்பிக் காத்திருக்காதீர்கள். அரசின் மனநல உதவிக்கான 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே வரிசையில் நிற்பவர்களில் பலர் உங்களைப் போல வீட்டையும் வேலையையும் இழுத்துக்கொண்டு ஓடி ஓய்ந்தவர்கள்தான், கூச்சப்பட ஒன்றும் இல்லை.

உங்கள் டாக்டரிடம் மறுபடி போகும்போது கிழித்துப் போட்ட பக்கங்களைப் பற்றி எதுவும் சொல்ல வேண்டாம். அதற்கென்று தனியாக ஒரு தாள் வைத்துக்கொள்ளுங்கள். இன்றிலிருந்து 14 நாளுக்கு, தேதி, எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், ஏறக்குறைய எப்போது தூங்கினீர்கள், தலைவலி எந்த நேரத்தில் வந்தது, அதற்கு முன்னால் சாப்பிட்டிருந்தீர்களா, இவ்வளவு மட்டும். நாளுக்கு ஒரு வரி. அந்தத் தாளை மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டு போய் அவர் மேஜையில் வையுங்கள். "எழுதினேன் டாக்டர், மூணாம் நாள் அழுதுட்டேன்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.